எட்டாவது ரவுண்டுக்கு முன்பே

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெர்சன் வணக்கத்துடன் எழுதுவது. கை நடுக்கம் குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? ஜவ்வாது மலையில் பனி விட்டுவிட்டது, நான் நலம். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை, நான் குடியிருக்கும் வீட்டுப் பாஞ்சாலை அக்காவோடு புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். விளையாட்டு வாத்தியார் ஆயிற்றே என்று வேகம் காட்டினேன். மதியத்துக்குள் கையைத் தூக்க முடியவில்லை. லேசான வீக்கம்தான், கவலைப்படாதீர்கள்.

ஓய்வாக உட்கார்ந்தபோது, போனில் வைத்திருந்த, முகமது அலி ஃபோர்மனோடு மோதிய கின்ஷாசா குத்துச்சண்டையை அக்காவுக்குக் காட்டினேன். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கும் அலியைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். குத்துச்சண்டையே பார்த்திராதவர் ஆறாவது ரவுண்டில் சொன்னார்:

"அடிக்கிறவருதான் வுழப் போறாரு சார். கை ஓஞ்சிப்போச்சி பாருங்க, உங்களாட்டம். இன்னோர்த்தரு அதுக்குத்தான் வாங்கிக்கினு நிக்கிறாரு."

எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அப்பா. எத்தனை தடவை பார்த்த சண்டை!

அவ்வளவு அடி வாங்கிப் பின்னாளில் கை நடுங்கியவர் என்ன பெரிய வீரர் என்று, ஒரு காலத்தில் ரிங்கில் இறங்கிச் சண்டை போட்ட உங்களிடமே வாதாடியவன் நான். அவர் பெரிய வீரர்தான்.

நீங்கள் தேய்த்துக்கொள்ளும் வலி எண்ணெய் ஒரு புட்டி அனுப்புங்கள். பார்சலில் முகவரியைத் தங்கை ஹெப்சி எழுதட்டும். உள்ளே வைக்கும் கடிதத்தை, எழுத்து எவ்வளவு கோணினாலும், நீங்களே எழுதுங்கள். தபால் பை ஏற்றும் பஸ் வந்துவிட்டது.

ஜெர்சன்