வெளியே வைத்த கை

என் அன்புக்குரியவனுக்கு,

பிணம் பதப்படுத்தும் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன்.

நேற்று மெம்பிஸ் நெடுஞ்சாலை விபத்தில் இறந்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். முகத்தைச் சரிசெய்ய வழியில்லை. "பெட்டிய மூடிடலாம்மா," என்றார் ஆசிரியர் டாலிவர். நம் மகன் இறந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

"ஒரு கைய மட்டும் எங்கிட்ட விடுங்க சார்," என்றேன். கழுத்துத் தமனி வழியாகச் சாயம் சேர்த்த ஃபார்மலின் கலவை ஏறும்போது அந்தக் கையை விரல் விரலாக நீவிக்கொண்டே இருந்தேன். நகங்களில் மெல்ல நிறம் வந்தது.

முகத்தை மூடி, கையை மட்டும் வெளியே வைத்தோம். அவன் அம்மா அதைப் பற்றிக்கொண்டு, "நகத்தக் கடிக்காதேன்னு சொன்னா கேட்டியாடா?" என்று திட்டினாள். பிறகுதான் அழுதாள்.

நமக்கு யாரும் ஒரு கையைக்கூடத் தரவில்லை. தேர்வு எழுதிவிட்டுத்தான் வருவேன்.

உன் மனைவி