தம்பியின் பற்கள்

14 ஜூன், சனி. காலையிலேயே வெயில்.

இல்லை, திடீரென்று கடித்தான் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் வெகு நேரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

தம்பி, எங்கள் வீட்டுக் குரங்கு. ஆண், ஐந்து வயது. பெயர் வைத்தது அண்ணன். எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடம் காலியாக இருந்ததாம்.

சனிக்கிழமைகளில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து நாலைந்து பேர் வடையோடு வருவார்கள். கோயிலில் அனுமாருக்கு மாலை சாத்திவிட்டு நேராக எங்கள் வீட்டு மாமரத்தடிக்கு. மரத்தில் சங்கிலி, சங்கிலி நுனியில் தம்பி. நெற்றியில் செந்தூரம் வைப்பார்கள். இன்று பொட்டு வைக்கக் கை நீட்டியவர் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக. நாலு தையல்.

கிளினிக்கில் நாய் கடித்தது என்று சொல்லிவிட்டாராம். கட்டுப் போட்ட கையோடு வந்து அண்ணனுக்கு ஆறுதல் வேறு.

"அனுமார் கடிச்சா அதுவும் ஆசீர்வாதந்தான் முரளி. நீ ஒன்னும் மனசுல வச்சிக்காத."

அண்ணிக்கு ஏழாம் மாதம். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

15, ஞாயிறு. மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

துணி. இஸ்திரி. தலைவலி.

யார் கேட்டாலும் நாங்கள் சொல்லும் கதை: காப்பாற்றினோம். பொய்யில்லை. பழைய ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாக மாறியபின் குரங்குகள் சாலைக்கு இறங்கின. வளைவில் ஒரு தாய்க்குரங்கு லாரியில் அடிபட்டுக் கிடந்தது. குட்டி அதன் மார்பை விடவில்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அண்ணன், ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தான். வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்திருக்கலாம். அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை. மீதி:

பால்புட்டி. வாலுக்கு ஓட்டை வெட்டிய பேம்பர்ஸ்.
மூன்று வயதில் டிவியைத் தள்ளி உடைத்தான். கூண்டு.
கூண்டுக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டான். சங்கிலி.
இடுப்பில் பெல்ட். அதன் அடியில் மயிர் இல்லை.

வீடியோ எடுத்தது நான். கையைப் பலமாகத் தட்டினால் பல்லெல்லாம் தெரியும். 'சிரிக்கும் தம்பி.' ஊரே பார்த்தது. பிறகு கம்பார் கல்லூரியில் படித்தபோது, நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய்ப் படித்தேன். இந்த இனத்தில் அது சிரிப்பில்லை. பயம். அடங்கிப்போகிறேன், என்னை விட்டுவிடு என்று பொருள். அன்றோடு கைதட்டுவதை நிறுத்தினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. வீடியோக்களை அழிக்கவுமில்லை. மூன்று வருடமாக.

16, திங்கள்.

அரை நாள் லீவு. பா. அக்காவைத் திரும்பக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். குரங்குக் கடிக்கு மருந்து வேறு, கண்காணிப்பு வேறு என்று வழியெல்லாம் சொன்னேன். வாடகைக் காரை விட்டு இறங்க மறுத்தார்.

"சாமியப் போய்ப் போட்டுக் குடுக்கச் சொல்றியா?"

சாமியில்லை அக்கா, குரங்கு என்றேன். ஐந்து வருடமாக நீங்கள்தானே பொட்டு வைக்க விட்டீர்கள் என்றார். நான் இறங்கிப் போய் அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். பிறகு அவரே இறங்கினார். டாக்டரிடம் நான் சொன்னேன். வேறு மாத்திரை. கடித்த தேதியைக் குறித்துக்கொண்டார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும்.

மாலை. அண்ணன் ஒரு முடிவோடு வந்திருந்தான். சித்தியவானில் ஒருவர் மயக்க ஊசி போட்டுக் கோரைப்பல்லை அராவி விடுவாராம். வியாழன் லீவு எடுத்திருக்கிறான். குழந்தை வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிராமலே கேட்டார்.

"பல்லு போனா கோவம் போயிருமா லா?"

அண்ணன் எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டான். அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து தம்பி பேன் பார்த்தான். அண்ணனை மட்டும் இதுவரை கடித்ததில்லை. அதுதான் கஷ்டம்.

17, செவ்வாய்.

நாசி லெமாக் கடையில் பக்கத்து மேசை: "காட்ட எல்லாம் வெட்டிப்புட்டு கொரங்கு வருது, கொரங்கு வருதுங்கிறான். அது எங்க போவும்?"

வேலை. மழை. ஈப்போ பஸ் நாற்பது நிமிடம் தாமதம்.

அண்ணனிடம் சொன்னேன்: பல்லில் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை காட்டோரம் கொண்டுபோய்ப் பார். போகிறானா பார்க்கலாம். நானும் வருகிறேன் என்றேன். இப்படி விடுவது சரியில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். வியாழக்கிழமையைத் தள்ளிப்போட வேறு வழி தெரியவில்லை.

18, புதன். விடிகாலைப் பனி.

போனோம். சுண்ணாம்புக்கல் மலையடி, செம்பனை முடியும் இடம். ஏழு மணிக்குக் குரங்குக் கூட்டம் இறங்கியது. பதினைந்து இருக்கும். அண்ணன் பெல்ட்டைக் கழற்றினான். கீழே புண். பழைய புண்மேல் புதுப் புண். இருவரும் பார்த்தோம்.

தம்பி இறங்கவில்லை. மோட்டார் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டான். கூட்டத்திலிருந்து பெரிய ஆண் ஒன்று நாலு அடி முன்னால் வந்து, வாயைத் திறந்து முறைத்தது. தம்பி உதட்டை இழுத்து எல்லாப் பல்லையும் காட்டினான்.

"பாரு பாப்பா, சிரிக்கிறான். கூட்டாளி ஆவப் பாக்கிறான்."

"சிரிக்கல அண்ணே. பயப்படுறான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த ஆண் இன்னும் இரண்டடி வந்தது. தம்பி அண்ணன் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான், மூத்திரம் போனான். அண்ணன் அவனை அணைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ வீடியோல?"

"அதுவும்."

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுபடி பெல்ட்டைக் கட்டாமல், கூண்டுக்குள் விட்டுக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டினான். என்னிடம் இன்னும் பேசவில்லை.

19, வியாழன்.

சித்தியவானுக்குப் போகவில்லை. அண்ணன் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புண்ணுக்கு மஞ்சள் வைக்கவா என்று அண்ணி கேட்டார். வேண்டாம், நக்குவான் என்றான்.

பதினொரு மணிக்கு என் போனை எடுத்து என்னிடமே நீட்டினான். வனவிலங்கு இலாகா நம்பர் போட்டுக் கொடுத்தால் தானே பேசுவதாகச் சொன்னான். பிறகு, மலாய் நன்றாக வருவது உனக்குத்தான், நீயே பேசு என்றான்.

இலாகா அதிகாரி, பெண். பொறுமையான குரல். எத்தனை வருடம் என்று கேட்டார். ஐந்து என்றேன். உரிமம்? இல்லை. விசாரணை இருக்கும் என்றார். கடித்ததையும் சொன்னேன். காட்டில் திரும்ப விடுவீர்களா என்று கேட்டேன். மனிதர் கையில் வளர்ந்த ஆண், பார்த்துத்தான் சொல்ல முடியும், எதற்கும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அந்த 'எதற்கும்' என்பதில் அவன் உயிரும் அடக்கம் என்று எனக்குப் புரிந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணனுக்கும் புரிந்தது.

நாளை வரலாம், அல்லது திங்கள் என்றார். அண்ணனைப் பார்த்தேன்.

"நாளைக்கே வரச் சொல்லு. சனிக்கெழம வந்துட்டா ஆளுங்க விட மாட்டாங்க."

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு:

"நானும் விட மாட்டேன்."

20, வெள்ளி. மேகம்.

லீவு சொன்னேன். காரணம்: சொந்த வேலை.

பா. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கை வீக்கம் குறைந்திருக்கிறது. வடை இல்லை. அண்ணி அறைக்குள்ளேயே இருந்தார்.

பத்து இருபதுக்கு இலாகாவிலிருந்து போன். தாமான் முனைக்கு வந்துவிட்டார்கள், எந்த வரிசை வீடு என்று கேட்டார்கள். சொன்னேன். அண்ணன் கூண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் போய் கேட்டைத் திறந்து, வேன் உள்ளே வர மோட்டாரை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.