லெம்பி ஊறவைத்த கடைசிப் புட்டி

நவம்பர் 21, வெள்ளி

ஆறு எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. மழை வேண்டும். இந்த ஆற்றின் சக்கரவர்த்தியும், அறுபத்தாறு வயதிலும் ஒற்றைக் காலில் நின்று ரப்பர் கால்சட்டை மாட்டக்கூடியவனுமான ஆர்வோ நிஸ்கனெனாகிய நான், காலை ஏழு மணிக்கு வளைவுப் பாறையில் தர்பாரைத் தொடங்கினேன். குளிர்கால ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலை விட்டு ஆற்றில் ஏறத் தொடங்கும் வாரம். தூண்டிலில் வந்தவை இரண்டு இலைகள். ஒன்று நல்ல எடை.

திரும்பும் வழியில் ஹார்லன் வீட்டு வாசலில் ஒரு பலகை. விற்பனைக்கு.

என் தங்கை லெம்பியைக் கட்டியவன். அவள் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அவன் தூண்டிலைத் தொடவில்லை. அரிசோனாவில் மகன் கர்டிஸோடு இருக்கப் போகிறானாம். அரிசோனா! ஆறு என்று அங்கே எதைக் காட்டுவார்கள்?

நவம்பர் 24, திங்கள்

திட்டம் தயார். மச்சானை ஒரே ஒரு நாள் ஆற்றுக்கு இழுத்துவிட்டால் போதும், பலகை தானாக விழும். இரை: பொய். அதற்கு என்னிடம் பஞ்சமே இல்லை.

போன் போட்டுப் பதினெட்டு பவுண்டு மீனைக் கரையருகே தவறவிட்டதாகச் சொன்னேன்.

“சாட்சி யாரு?”

“ஒரு நீர்நாய்.”

வைத்துவிட்டான்.

நவம்பர் 27, வியாழன்

நன்றித் திருநாள். அவன் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கடையில் வாங்கிய வான்கோழி, செருப்புத் தோலுக்குத் தூரத்து உறவு. ஐஸ்கிரீம் எடுக்க உறைபெட்டியைத் திறந்தேன். ஆழத்தில் ஒரு புட்டி: லெம்பி ஊறவைத்த சால்மன் சினை. மூடியில் அவள் கையெழுத்தில் போன வருடத் தேதி. உப்பு, சர்க்கரை, வெண்காரம் என்ன அளவு என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சினையை முள்ளில் குத்திப் போட்டால் மீன்கள் வரிசையில் நிற்கும். கடல் வரைக்கும் வரிசை.

புட்டியை எனக்குத் தருகிறாயா என்று கேட்டேன்.

“அதத் தொடாத, ஆர்வோ.”

கோபமில்லாத குரல். அதனால்தான் நான் உறைபெட்டியை மூடிவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மழை.

டிசம்பர் 3, புதன்

இன்னும் மழை. போனில் இன்று இருபத்திரண்டு பவுண்டு. என்னைப் பாலம் வரை நீரில் இழுத்துப் போனது, பாலத்தடியில் மூச்சு வாங்க இருவரும் சற்று நின்றோம் என்றேன்.

“காப்பித் தண்ணியா ஓடுது, இதுல எவன்டா மீன் புடிப்பான்? ஒம்பதடி ஏறியிருக்கு.”

பொய் செத்தது. ஆனால் — ஒன்பதடி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நீர்மட்டத்தைத் தினமும் காலையில் பார்க்கிறான்! போகப் போகிறவன் அதை எதற்குப் பார்க்கிறான்?

டிசம்பர் 5, வெள்ளி

கர்டிஸ் கூப்பிட்டான். “மாமா, அப்பாவக் கொழப்பாதீங்க. செவ்வாக்கெழம வீடு பாக்க ஆள் வருது. அவரு தனியாக் கெடக்குறாரு, தெரியுமில்ல?”

தப்பாக எதுவும் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். அப்பன் தனியாக இருக்கிறானே என்று அவனுக்குக் கவலை. எனக்கென்ன? சக்கரவர்த்திக்கு மச்சான் எதற்கு?

அப்புறம் எவன்கிட்டப் போய்ப் பொய் சொல்றது நான்?

டிசம்பர் 9, செவ்வாய்

மழை விட்டு மூன்று நாள். ஆறு இறங்கி, தெளிந்து, பச்சைக் கண்ணாடி நிறத்துக்கு வந்துவிட்டது. பாறையில் நின்றேன். பத்து மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் காலடி ஓசை. ஹார்லன், ஊருக்குள் போடும் தோல் காலணியோடு. வீடு பார்க்க வந்தவர்கள் சுற்றிப் பார்க்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். உறைபெட்டியையும் காலி செய்தானாம். கோட்டுப் பையிலிருந்து அந்தப் புட்டி வந்தது.

“கொட்ட மனசு வரல. நீயே போட்டுத் தொல.”

கட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். நான் கட்டைவிரல் நகத்தளவு சினையைக் குத்தி எறிந்தேன். மூன்றாம் தடவை, தக்கை இருந்தது, அடுத்த நொடி இல்லை.

இனி எழுதுவதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. மீன் இரண்டு முறை முழு உடம்போடு நீருக்கு மேலே வந்தது. துலக்கிய அலுமினியம் போல் மின்னியது.

“கோலத் தூக்கிப் புடி. இழுக்காத. ஓடட்டும், விடு... விடுடா.”

அந்தக் குரல் நீருக்குள்ளிருந்து வந்தது. தோல் காலணியோடு இடுப்பு வரை இறங்கி நிற்கிறான்! பதினைந்து நிமிடம் கழித்து வாலடியைப் பிடித்தவன் அவன்தான். மற்றக் கை விரல் மீனின் முதுகைத் தடவிக்கொண்டு போனது. வாலுக்கு முன்னால் அந்தச் சின்னச் சதைத் துடுப்பு வெட்டியிருந்தால் பண்ணையில் வளர்த்துவிட்ட மீன், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இருந்தால் ஆற்றில் பிறந்தது, விட்டுவிட வேண்டும்.

“இருக்கு,” என்றான்.

நீரை விட்டுத் தூக்கவே இல்லை. முள்ளை எடுத்துவிட்டு, மீன் மூச்சுத் தேற அதை நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். மீன் எப்போதோ தயார். அவன்தான் தயாராகவில்லை. பிறகு கையைத் திறந்தான்.

கரையேறிக் காலணியிலிருந்து ஆற்றைக் கொட்டினான். “புட்டியில எவ்ளோ மிச்சம்?”

முக்கால், என்றேன். மூடியை இறுகத் திருகித் தன் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

டிசம்பர் 10, புதன்

பெர்னீஸின் காப்பிக் கடை. முப்பது வருடம் மரமில்லில் கட்டை அளந்தவன், கால் அங்குலத்துக்குச் சண்டை போடுபவன், ஹார்லன், கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறான்: இருபத்தஞ்சு பவுண்டுக்கு ஒரு குண்டுமணி குறையாது.

“பதினொண்ணு இருக்கும்,” என்றேன்.

பெர்னீஸ் காப்பிக் கெண்டியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

வீடு பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். கர்டிஸ் சொன்னான். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லையாம். நான் கேட்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 20, சனி

தூண்டில் கடையில் ஹார்லன் அடுத்த வருட மீன்பிடி உரிமத்துக்கு நின்றான். கல்லாவில் புதுப் பெண், அவனைத் தெரியாதவள். முறைப்படி கேட்டாள்: உள்ளூரா, வெளி மாநிலமா?

நான் முள் பெட்டிகளை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உள்ளூர்தாம்மா,” என்றான்.