உண்டியலில் போட்ட முதல் சம்பளம்

12-6-1995, மைசூர்
எம்.எல்.ஏ. ஆகி ஆறு மாதமாகியும் என்னைக் கண்டு யாரும் எழுந்து நின்றதில்லை. இன்று மலையோர வாரியத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள். மாதச் சம்பளம், சிவப்பு விளக்கு வைத்த கார். காரில் அரண்மனையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். "பெட்ரோல் கவர்மெண்டுதுன்னா இப்படியாங்க சுத்துவீங்க?" என்று கேட்டாள் என் மனைவி சொர்ணலதா. மூன்றாவது சுற்றுக்கு அவளும் ஏறிக்கொண்டாள்.

13-7-1995
முதல் சம்பளம் வந்தது. நான் பணத்தாசை இல்லாதவன் என்று தொகுதிக்குத் தெரிய வேண்டாமா? மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டேன். போட்டோக்காரர் வரும்வரை கையை உண்டியல் மேலேயே வைத்திருந்தேன். "போடறதுன்னா போடுங்க சாமி, இல்லீன்னா நகருங்க" என்றார் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா.

15-7-1995
பேப்பரில் படம்! பத்துப் பிரதி வாங்கினேன்.

2-8-1995
தேர்தலில் என்னிடம் தோற்ற நஞ்சுண்டசாமியும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறார். அதை இணைத்துக் கவர்னருக்கு மனு! அரசாங்கச் சம்பளப் பதவியில் இருப்பவர் எம்.எல்.ஏ.வாக இருக்கக் கூடாதாம். வக்கீல் லிங்கப்பனிடம் ஓடினேன்.

"சில வாரியத்துக்கு விலக்கு இருக்குதுங்க. உங்களுது புதுசு, சட்டத்துல இன்னும் சேர்க்கலை."

"பணத்தைச் சாமிக்கே கொடுத்துட்டனே!"

"வாங்கினாத்தானே கொடுக்க முடியும்?"

எட்டு வருஷம் ஹனூர்ப் பக்கம் என் தொகுதியில் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்த ஓட்டு. ஒரு போட்டோவுக்காகப் போகுதே! சட்டம் போடற சபையில உட்கார்ந்துக்கிட்டு ஒரு சட்டமாச்சும் படிச்சனா நான் —

3-8-1995
வாரியத்தை விட்டுவிட்டேன். கார் போய்விட்டது.

9-2-1996
எம்.எல்.ஏ. பதவியும் போனது. பின்னால் விலகினாலும், இருந்தது இருந்ததுதானாம். அழுகை வந்தது. அழுதேன்.

20-6-1996
இடைத்தேர்தலில் நஞ்சுண்டசாமி ஜெயித்துவிட்டார்.

18-9-1996
சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மலையோர வாரியத்துக்கும் இனி விலக்கு. புதுத் தலைவர் நஞ்சுண்டசாமி! ஹனூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்; மைசூர்பாகோடு வந்து நின்றார். "உங்களாலதாண்ணா இந்தத் திருத்தமே வந்துச்சு" என்றார். அடிக்கலாம் போலிருந்தது. இரண்டு துண்டு தின்றேன்.

பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றார். அதே கார். அரண்மனை வந்ததும் நெளிந்தார்.

"ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமாண்ணா?"

"ஒண்ணு பத்தாது" என்றேன்.