மூன்றாவது கிடங்கு

அன்புள்ள பச்சை மைக்காரனுக்கு,

நீ அலுவலகத்தைக் காலி செய்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்குப் போன் செய்தேன். தங்கச்சிதான் எடுத்தாள். "மேசை, நாற்காலியெல்லாம் யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "கேக்கறதுக்கு இதுதான் கிடைச்சுதாண்ணா?" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனிக்கு நம் இருவரையும் கூட்டுத் தணிக்கையாளர்களாகப் போட்டபோது, நாலு கண் பார்த்தால் தப்பு நடக்காது என்றார்கள். நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிரித்த அன்றே அது இரண்டு கண்ணாகிவிட்டது. "உன் பங்கை நான் நோண்ட மாட்டேன்டா. உன்மேல நம்பிக்கை இல்லாமலா?" என்று சிரித்தாய். அறிக்கையில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, படிக்காமலே பக்கத்தில் போட்டாய்.

கணக்கில் நிரம்பியிருந்த மூன்றாவது கிடங்கு உண்மையில் காலி என்று பிறகுதான் தெரிந்தது. அது யார் பங்கு என்று விசாரணைக் குழு கேட்டது. "சரக்கு முழுக்க அவர்தாங்க," என்றேன். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். வேலை பிரித்த தாள் உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் உரிமம் போனது.

தாள் என்னிடம்தான் இருந்தது. அதில் உன் பச்சை மையில், "மூணாவது கிடங்கு ரொம்பத் தூரம். உங்கிட்ட கார் இருக்கு, நீ போய்ப் பாரு." அதற்குக் கீழே என் கையெழுத்தில், "சரி."

நான் கிடங்குக்குப் போகாமல் விட்ட அன்று மழை பெய்தது என்று எழுத வந்தேன். பெய்யவில்லை.

இன்று காலை அந்தத் தாளைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. ஆனால் நான் சொன்னேன் என்று நம்பிவிடாதே. நீயே நேரில் போய், அது அங்கே இருக்கிறதா என்று பார்.

உன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவன்