தென்துருவம் போய் வந்த ஜரிகை

இன்று காலை மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். என்னை வேறு அறைக்கு மாற்றுகிறார்கள். அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் நீ கொடுத்த குரங்குக் குல்லா. உறையின் மேல் என் கையெழுத்தில் ஒரு சோதனை மாதிரியின் எண்ணும், "திறக்காதே" என்ற எச்சரிக்கையும். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கதிர்வீச்சுச் சமாசாரம் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நான் திறந்தேன். உன் கடை வாசனையோ உன் அத்தர் வாசனையோ வரும் என்று எதிர்பார்த்தால், பாச்சை உருண்டை நாற்றம்தான் வந்தது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் மகள் போன் செய்தபோது நான் வெளியூரில் இருந்தேன். ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை என்ற கோபத்தில் இதுவரை உன்னோடு மனதுக்குள்கூடப் பேசாமல் இருந்தேன். கோபம் யார்மேல் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

நீயும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. உங்கள் ஜரிகைக் கடை பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். முதல் நாளே என்னை "அய்யரே" என்று கூப்பிட்டாய். நாங்கள் ஐயங்கார் என்று என் அம்மா உன்னை உட்காரவைத்து, நாமம் முதற்கொண்டு பொறுமையாக விளக்கினாள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க அய்யரம்மா" என்றாய். அம்மா அன்றைக்கே உன்னிடம் தோற்றுவிட்டாள்.

அவளுக்கு நீ என்றால் உயிர். மடி என்றால் அதைவிட உயிர். குளித்து, தனியே உலர்த்திய புடவையை உடுத்திக்கொண்டால் சமையல் முடியும்வரை யாரும் அவள்மேல் படக்கூடாது. அந்தப் புடவை காயும் கொடியின் கீழே நீ நடந்துவிட்டால் போயிற்று, புடவை மறுபடி கிணற்றடிக்குப் போகும். அது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நீ நண்டு மாதிரிச் சுவரோரமாகவே நடந்தாய். அப்போது நான் சிரித்தேன். வளர்ந்த பிறகு அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. இந்த மடியிலிருந்து தப்பிக்கத்தான் வேதியியல் படித்தேன் என்று உன்னிடம் ஒருநாள் பெரிதாக அளந்தேன்.

தப்பித்து எங்கே போய் நின்றேன் பார். கடல்நீரில் மிக மிகக் கொஞ்சமாக இருக்கும் உலோகங்களை அளக்கும் வேலை. தென்துருவக் கடலில் இரும்பு எவ்வளவு இருக்கும் என்று நீ கேட்டாய். நம் ஊர்க் கோயில் குளம் நிறையத் தண்ணீரில் ஒரே ஒரு குண்டூசியைக் கரைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு என்றேன். அதை அளப்பவன் பாட்டில்களை வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்து அலச வேண்டும். கப்பலில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, செருப்பை வெளியே விட்டு, தனி உடை, இரட்டைக் கையுறை என்று உள்ளே போக வேண்டும். இருவர் சேர்ந்து வேலை செய்தால் ஒருவர் சுத்தக் கை, மற்றவர் அழுக்குக் கை. அழுக்குக் கைக்காரர் வெளி உறையைப் பிரிக்கலாம், உள்ளே இருக்கும் பாட்டிலைத் தொடக்கூடாது. இதையெல்லாம் விளக்கி முடித்தபோது நீ கல்லாவின் மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா மடிக்குத் தப்பிச்சு ஓடிப் போயி, நடுக்கடல்ல மடி கட்டிக்கினு நிக்கப் போற, இல்ல அய்யரே?"

அதோடு விட்டாயா? இரும்புக் கப்பலில் போய்த் தண்ணீரில் இரும்பைத் தேடுகிறவர்களுக்குப் புத்தி இருக்கிறதா என்றும் கேட்டாய். எங்கள் துறையில் பெரிய பெரிய ஆட்கள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. நீ டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டாய்.

ஐசோடோப்பு விஷயத்திலும் அப்படித்தான். ஒரே ஈயம், ஆனால் எடையில் துளி துளி வித்தியாசமான அணுக்கள் கலந்திருக்கும். அந்தக் கலவை ஊருக்கு ஊர் மாறும். அதை வைத்து இந்த ஈயம் எந்தக் கண்டத்துத் தூசியோடு வந்து கடலில் விழுந்தது என்று சொல்லலாம் என்றேன். துருவத்தில் பனி உருகுகிறது, உருகும் பனியோடு இரும்பும் இறங்குகிறது, அதை உண்டு பாசி பெருகுகிறது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கடல் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியும். நீ ஒரு ஜரிகைக் கண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, சரக்கைப் பார்த்ததும் எந்த ஊர்ப் பட்டறை என்று தான் சொல்வது மாதிரி என்றாய். என் மாணவர்களுக்கு இன்றுவரை உன் உதாரணத்தைத்தான் சொல்கிறேன், என் உதாரணம் என்று சொல்லிக்கொண்டு.

புத்தாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில் எனக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. வழியனுப்ப வந்தவன் இந்தக் குல்லாவைக் கையில் திணித்தாய். உள்விளிம்பு முழுக்க இரண்டு வரிசை ஜரிகை தைத்திருந்தது. வெளியே தெரிந்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குமாம், அதனால் உள்ளே. வெள்ளி தலைக்குச் சூடு தரும் என்று ஒரு விஞ்ஞானத்தையும் நீயே கண்டுபிடித்துச் சொன்னாய். "சுத்த ஜரிகைபா. நம்ம கடையில வேற எதுவும் கிடையாது, தெரியுமில்ல?" என்றாய். ஊருக்கே தெரியும். உன் கடைச் சரக்கை நெசவாளிகள் உரைத்துப் பார்ப்பதில்லை, நீ சொன்னால் போதும்.

அங்கே குளிர் நான் நினைத்த குளிர் இல்லை. கூடாரத்துக்குள் வெளித் துணி எதுவும் கூடாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். ஆனால் மூன்றாம் நாள் காது விறைத்துப்போயிற்று. பாதுகாப்பு உடையின் முக்காட்டுக்கு அடியில் உன் குல்லாவைப் போட்டுக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஜரிகை நெற்றியில் அரித்தது. சுத்தக் கையால் சொறிந்துகொண்டேன். அம்மா இருந்திருந்தால் என்னைக் கடலில் முக்கி எடுத்திருப்பாள்.

ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து மாதிரிகளின் எண்கள் வந்தன. கடலில் தண்ணீர் எடுத்த நிலையங்களில் ஒன்றில் மட்டும் செம்பு தாறுமாறாக ஏறியிருந்தது. எங்கள் தலைவர், யாரோ கவனமில்லாமல் தொட்டிருக்கிறார்கள் என்றார். அந்த வேளையில் கூடாரத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: நான், என்னோடு அழுக்குக் கையாக நின்ற ஒரு பெண். அவளுக்கு அதுதான் முதல் பயணம். அவள் பெயரை அடுத்த பயணப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் அவள் நோட்டை மூடினாள். நான் குல்லா போட்டதைச் சொல்லவில்லை.

அன்று மாலை குல்லாவிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் விட்டேன். சுத்த ஜரிகைக்கு அடையாளமான சிவப்புப் பட்டு நூல் உள்ளே முறைப்படி இருந்தது. அதன்மேல் சுற்றிய கம்பிதான் வெள்ளி இல்லை. செம்பு, மேலே ஒப்புக்கு வெள்ளிப் பூச்சு, அதன் மேல் தங்க முலாம். யாரோ உன்னை நன்றாக ஏமாற்றியிருந்தார்கள்.

உன்னிடம் சொல்லிவிடுவது என்று காஞ்சிபுரம் வந்தேன். வந்தால், பேருந்து நிலையத்திலிருந்து உன் கடைவரை எனக்கு வரவேற்பு. தன் கடை ஜரிகை தென்துருவத்தில் இருக்கிறது என்று நீ தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாய். ஒரு நெசவாளி என்னை நிறுத்தி, ஜரிகை குளிர் தாங்கிற்றா, கறுத்துப் போகவில்லையே என்று அக்கறையாக விசாரித்தார். நல்லா தாங்கிச்சு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

நீ மதிய லுஹர் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்ததும் கணிப்பொறித் தாளை எடுத்து நீட்டினேன். முதலில் சிரித்தாய். பிறகு உரைகல்லில் தேய்த்தாய், கோடு செம்பாகச் சிவந்தது. அப்படியும் கண்டிலிருந்து ஓர் இழையைப் பிரித்துச் சிவப்பு நூலை என் மூக்குக்கு நேரே ஆட்டினாய்.

"மெஷினு பொய் சொல்லாதா?"

சொல்லாது என்றேன்.

"அப்ப என் கண்ணு பொய்யா?"

உன் பேச்சை நம்பி எத்தனை தறியில் அந்த ஜரிகை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீ கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. தப்பு செய்தவன் மறைக்கக் கூடாது என்று நான் வேறு நீளமாக உபதேசம் செய்தேன். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாய். இருபது நாள் போனை எடுக்கவில்லை. ஒரு குல்லாவால் நம் நட்பே போய்விட்டது என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

பிறகு நீயே கூப்பிட்டாய். அந்த இருபது நாளும் மொபெட்டில் தெருத் தெருவாக, கூரம் கிராமம் வரைக்கும், தறி தறியாகப் போயிருக்கிறாய். மிச்சமிருந்த ஜரிகையைத் திரும்ப வாங்கி, முடிந்துவிட்ட புடவைகளைப் பற்றி நெசவாளியோடு நீயும் போய் முதலாளியிடம் சொல்லியிருக்கிறாய். சிலர் திட்டினார்கள். சிலர் திட்டிவிட்டு டீ கொடுத்தார்கள். தெலுங்கு பேசும் ஒரு கிழவர் மட்டும், ஜரிகையைப் பார்க்கத் தென்துருவம் வரைக்கும் போக வேண்டுமா, என்னிடம் கொண்டு வந்திருந்தால் பல்லால் கடித்தே சொல்லியிருப்பேனே என்றாராம். அதைச் சொல்லி நீ சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

"நான் ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்டா. நீ உங்க ஆபீஸ்ல சொன்னியா?"

கப்பலில் நடந்தது எதையும் நான் உன்னிடம் சொல்லியிருக்கவில்லை. குல்லா ஜரிகையை எதற்குக் கருவியில் போட்டேன் என்று நீ அந்த இருபது நாளில் மொபெட்டில் போகும்போதே யோசித்துவிட்டாய். அந்தப் பெண்ணைப் பற்றியும் அன்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு மெதுவாக, "பாவம்டா அந்தப் பொண்ணு. நாளைக்கு எழுதிடு" என்றாய். உன் வாயிலிருந்து அய்யரே என்ற சொல் வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மறுநாள் எழுதினேன். தலைவர் என்னைக் கூப்பிட்டு, சரியான சமயத்தில் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண் அடுத்த பயணத்துக்குப் போனாள், நான் போகவில்லை. கட்டுரை அச்சானபோது அட்டவணையில் அந்த நிலையத்துக்கு நேரே, செம்புக்கான கட்டத்தில், எண் இல்லாமல் ஒரு சின்னக் கோடு இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பச் சொன்னாய். எதற்கென்று கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பார்த்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு உன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாய். பட்டுப் புடவைக்கு ஜரிகை வாங்க வந்தவர்கள் என்ன சான்றிதழ் இது என்று கேட்டால், கோட்டைத் தொட்டுக் காட்டி, "இதில் பாதி நான் ஏமாந்தது, பாதி என் சிநேகிதன் மறைத்தது" என்று என் எதிரிலேயே விளக்கினாய். எனக்குத் தரைக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. உனக்கோ வியாபாரம் கூடிக்கொண்டே போயிற்று.

இப்போதும் என் எண்களில் ஒன்று எகிறினால் முதலில் என் தலையை, என் பையை, என் கையைத்தான் பார்க்கிறேன். தப்பு என்னுடையதாக இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். "சொன்னியா?" என்று கேட்கத்தான் நீ இல்லை.

கடையை உன் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் போன் செய்தாள். கடைக்கு வெள்ளையடிக்கிறார்களாம், அந்தச் சட்டத்தை மறுபடி மாட்டுவதா, எடுத்து வைத்துவிடுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வாப்பா ஏமாந்த கதையைச் சுவரில் வைப்பது அவருக்கு மரியாதையா என்று ஒரு சொந்தக்காரர் சொன்னாராம். மாட்டும்மா என்றேன். சுவர் பொரிந்துவிட்டது, மாமா, ஆணி நிற்காது என்றாள். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பாதி என்னுடையது, ஆணியை நான்தான் அடிக்க வேண்டும்.