பாரூர்க்காரரின் உருளை

இன்று காலை மருமகள் அதிரசத்துக்குப் பாகு வைத்துவிட்டு மறந்துபோனாள். வீடெல்லாம் கருகிய வெல்ல வாடை. அவள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் உன்னை நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடிய செய்தி பெங்களூரிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை.

கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் இருந்த காலம். நாம் வேலை பார்த்த பட்டறையில் கரும்பு ஆலைக்கு உருளை வார்ப்போம். உருளையின் நடுவே தண்டு நுழையத் துளை வேண்டும். அதற்காக நீ மணலில் வெல்லப்பாகு விட்டுப் பிசைந்து, குழவிபோல் பிடித்து, சுட்டெடுத்து அச்சுக்குள் நிறுத்துவாய். சுடும்போது இதே வாடைதான் வரும். அப்புறம் இரும்பை உருக்கி ஊற்றுவாய். கொல்லர் தண்டைக் காய்ச்சி அடித்து நீட்டுவார். உருளையை லேத்தில் ஏற்றிக் கடைவது என் வேலை. "நான் ஊத்தறேன், அவரு அடிக்கறாரு, நீ நின்னுக்கிட்டுச் சொரண்டறே. ஆயுத பூஜைப் பொரி மட்டும் மூணு பேருக்கும் சமமா?" என்று வம்புக்கு இழுப்பாய்.

அந்த மார்கழியில் முதலாளி, தை பிறந்ததும் நம்மில் ஒருவரை மேஸ்திரி ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். அது நீதான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தெரிந்து வயிறெரிந்தேன்.

பாரூர்க்காரர் ஒருவர் கரும்பை வெட்டிப் போட்டுவிட்டு, உருளைக்காக வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். நான் கடைந்துகொண்டிருந்தபோது உளி தட்டி, உருளையில் ஓர் ஓட்டை வாய் திறந்தது. ஊற்றும்போது காற்று அடைபட்டால் அப்படி ஆகும். எவ்வளவு கைதேர்ந்தவனுக்கும் நேரும். நீ பக்கத்தில் வந்து குனிந்தாய்.

"சத்தம் போடாதேப்பா. ஆழம் பாக்கலாம். ஒடைக்கணும்னா நானே ஒடைச்சுட்டு வேற ஊத்தறேன். அவருகிட்டயும் நானே சொல்லிக்கறேன்."

நீ கேட்டது இவ்வளவுதான். நான் லேத்தை நிறுத்திவிட்டு, முதலாளிக்கும் பாரூர்க்காரருக்கும் கேட்கும்படி கத்தினேன்: "மெழுகுல இரும்புத்தூளைக் கொழைச்சு அடைச்சு வித்துடலாம்னு பாக்கறயா? நாளைக்கு உருளை ஒடைஞ்சு அவரு கை போனா யாரு பதில் சொல்றது?"

பாரூர்க்காரர் முதலாளியைப் பார்த்து, "ஏங்க, இப்படிக்கூடச் செய்வாங்களா?" என்றார். நீ சம்மட்டியை எடுத்து உருளையை உடைத்தாய். வேறொன்று வார்த்தாய். அதை நான் கடைந்த நேரம் முழுக்க நீ எதிரே மணல் சலித்துக்கொண்டுதான் இருந்தாய். வாயைத் திறந்து, "இவன் அப்படிச் சொல்லவில்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பதவி கைநழுவிப் போகும். பாரூர் வண்டி புறப்பட்டதும் நீயும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய்.

ஓட்டை ஆழமானதுதான், உடைக்க வேண்டியதுதான் என்று இத்தனை காலம் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஓட்டை உண்மை. உன்மேல் நான் போட்ட பழி பொய்.

தையில் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். பட்டறையை மூடியும் அந்தப் பேர் போகவில்லை. கீரை விற்கிறவள்கூட, "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுகிறாள். யாரைக் கூப்பிட வேண்டிய பேர் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன்.